கிணற்றில் கிடைத்த நீலக்கல்: குருந்தமா, கார்டியரைட்டா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காங்கேயத்துக்கும் கரூருக்கும் இடைப்பட்ட வறண்ட மேட்டுக்காடு. சித்திரைக் கடைசியில் ஒரு விவசாயக் குடும்பம் 55 அடிக் கிணற்றை 70 அடிக்கு ஆழப்படுத்தத் தொடங்கியது. கம்ப்ரஸர் வைத்துத் துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லைக் கிரேனில் அள்ளி மேட்டில் கொட்டும் வழக்கமான வேலைதான். சுமார் 60 அடியில், காக்காப்பொன் மினுங்கும் கருஞ்சாம்பல் பாறைக்கு நடுவே சாய்வாக ஓடும் வெள்ளைப் பட்டை ஒன்று வந்தது. ஓரிடத்தில் ஒரு சாண் அகலம், இன்னோரிடத்தில் இரண்டடி. அந்த வெடிக்குப் பின் மேட்டில் கொட்டிய குவியலில், ஈரம் காயாத கல் ஒன்றில் நீலத்தைக் கவனித்தவர் கிரேன் ஓட்டிய தொழிலாளி.

இந்த வட்டாரத்தில் கல் கிடைப்பது புதிதல்ல. படியூரின் பெரில் என்ற கடல்பச்சைக் கல் பழைய காலத்திலேயே பேர்பெற்றது. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் பாதி வேலை முடிந்த கல்மணிகளும் பட்டறைக் கழிவுகளும் கிடைத்துள்ளன. ஆகவே நீலம் கண்ணில் பட்டதும் ஊர் முழுக்க ஒரே பேச்சு: நீலக்கல், அதாவது சஃபயர்.

மூன்று நாளில் குடும்பத்தார் 1.8 கிலோ நீலத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். ஒட்டியிருந்த பாறையை நீக்கக் குளியலறை ஆசிடில் ஊறவைத்தார்கள். அந்த ஆசிட் சுண்ணாம்புப் பொருக்கு, துருக்கறை போன்றவற்றைத்தான் கரைக்கும். வெங்கச்சாங்கல்லையும் (குவார்ட்ஸ்) ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமத்தையும் அது தொடாது. ஆசிட் பலிக்காமல் போகவே சுத்தியலால் தட்டி, நீலத்தைத் தனியாகவும் மற்றதைக் குப்பையாகவும் பிரித்தார்கள். இந்த நிகழ்வில் நேர்ந்த பெரிய இழப்பு இதுதான். நல்ல துண்டுகள் பல விரிசல் விட்டன என்பது ஒரு பக்கம். கல் எது என்று சொல்லியிருக்கக் கூடிய சாட்சியே சுத்தியலோடு போயிற்று என்பது அதைவிடப் பெரியது.

முதல் முடிவும் அதற்குச் சொன்ன காரணங்களும்

ஒரு கல் வியாபாரி வந்து பார்த்து, 240 கிராம் எடுத்துக்கொண்டு 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். "நீலந்தானுங்க, கொஞ்சம் வெளிர்" என்பது அவர் கணிப்பு. அவர் ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை, தன் பணத்தைத்தான் போட்டார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று.

முதலாவது, பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. இது சரியான தகவல். சிவன்மலையின் நெஃபலின் சயனைட், குருந்தம் தாங்கிய சயனைட் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1901-இலேயே விவரித்துவிட்டார். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது. நீலக்கல் என்பது நிறமுள்ள தெளிந்த குருந்தம். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் பாறையே வேறு. இந்த வட்டாரத்தில் அருகருகே இருக்கும் இரண்டு பாறைகள் பிறந்த விதம் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறானதாக இருக்கலாம்.

இரண்டாவது, கல் கண்ணாடியைக் கீறியது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசையிடும் மோஸ் அளவில் கண்ணாடி 5.5 அளவுதான். வெங்கச்சாங்கல் 7, பெரில் 7.5 முதல் 8, கார்டியரைட் (குருந்தமல்லாத இன்னொரு நீலக் கனிமம்) 7 முதல் 7.5, குருந்தம் 9. எல்லாமே கண்ணாடியைக் கீறும். ஆகவே அந்தச் சோதனையால் தெரிந்தது ஒன்றுதான்: அது நிறமேற்றிய கண்ணாடித் துண்டல்ல.

மூன்றாவது, நிறம். கனிமத்தை அடையாளம் காண நிறத்தைப் போல நம்பக்கூடாத சான்று வேறில்லை. கயனைட், பெரில், ஸ்பினல், கார்டியரைட், குருந்தம் எல்லாவற்றிலும் நீலம் உண்டு.

பட்டறையில் தெரிந்தது

பட்டை தீட்டுபவர் முதலில் 9 கற்களை எடுத்தார். நீலக்கல்லுக்குச் செய்வது போல, எடை வீணாகாதபடி அகலமான பக்கத்தை முகப்பாக வைத்தார். இரண்டு விஷயங்கள் அவருக்கு உறுத்தின.

ஒன்று, வைரப்பொடித் தட்டில் கல் வேகமாகக் கரைந்தது. குருந்தத்தில் ஒரு முகத்தை எடுக்கப் பிடிக்கும் நேரத்தில் இதில் பல முகங்கள் முடிந்தன. பல வருடம் தட்டில் கல் பிடித்த கைக்கு இது தவறாத அறிகுறி.

இன்னொன்று, 9-இல் 6 கற்கள் முடிந்தபின் நீலமாகவே இல்லை. வைக்கோல் கலந்த சாம்பல் நிறம். தீட்டும் முன் நீலமாக இருந்தவைதான் அவை. பக்கவாட்டில் திருப்பினால் ஊதா கலந்த நீலம் வந்தது, நேராகப் பார்த்தால் போய்விட்டது.

வியாபாரி இதற்கு ஒரு வழி சொன்னார். இலங்கையில் ‘கேவுடா’ எனப்படும் பால்நிறக் குருந்தத்தைச் சுமார் 1,600 டிகிரிக்கும் மேல் சூடாக்கி நீலமாக்குவார்கள், இதையும் உலைக்கு அனுப்பலாம் என்றார். இங்குதான் பட்டை தீட்டுபவர் வேலையை நிறுத்தினார். குருந்தம் என்று உறுதியாகாத கல்லை உலையில் வைக்க மாட்டேன் என்றார். அந்த முடிவு மொத்தச் சரக்கையும் காப்பாற்றியது. கார்டியரைட்டின் படிக அமைப்பில் நீளவாக்கில் குழல்கள் உண்டு. அவற்றில் தண்ணீர் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கும். அதை உலைச்சூட்டில் வைத்தால் நிறம் கூடாது, வெடிப்புதான் மிஞ்சும். அது 1,500 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே உருகத் தொடங்கிவிடும்.

ஒரு நாள் சோதனை

பட்டை தீட்டுபவர் தனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரை அழைத்தார். நீலத் துண்டுகள் இருந்த பையிலிருந்து கண்ணை மூடி 12 துண்டுகள் எடுக்கப்பட்டன. நல்லதாகப் பொறுக்கி எடுத்தால் முடிவு ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக அப்படி.

முதலில் நிற மாற்றம். கரடுமுரடான கல்லுக்குள் வெளிச்சம் புகாது. எனவே ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, வெள்ளைத் திரை திறந்த எல்சிடி மடிக்கணினிக்கு முன் பிடித்துத் திருப்பினார்கள். எல்சிடி திரையிலிருந்து வருவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. பல திசை நிறம் காட்டும் கல் அதில் சுழலும்போது நிறம் மாறி மாறித் தெரியும். 12-இல் 10 கற்கள் ஒரு நிலையில் ஊதா நீலம், கால் சுற்று திருப்பினால் வெளிர் மஞ்சள் அல்லது ஏறக்குறைய நிறமின்மை காட்டின. குருந்தத்திலும் மாற்றம் உண்டு, ஆனால் அது நீலத்திலிருந்து பச்சை கலந்த நீலத்துக்குத்தான் போகும், வைக்கோல் நிறத்துக்கு வராது. இதில் ஒரு எச்சரிக்கை: ஒளி அச்சு (எவ்வளவு சுழற்றினாலும் நிறம் மாறாத திசை) வழியாகப் பார்க்க நேர்ந்தால் எந்தக் கல்லும் மாறாததுபோல் தோன்றும். மூன்று வெவ்வேறு பக்கங்களிலாவது பார்க்காமல் ‘மாறவில்லை’ என்று எழுதக் கூடாது.

அடுத்து ஒப்படர்த்தி, அதாவது அதே கனஅளவுத் தண்ணீரைப் போல் கல் எத்தனை மடங்கு எடை என்ற கணக்கு. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, ஒரு சிறு கண்ணாடிக் குவளை, மெல்லிய நூல் போதும். காய்ந்த கல்லின் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முக்கால்வாசித் தண்ணீர் உள்ள குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. காய்ந்த எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. ஒரு துண்டு 8.43 கிராம். நீரில் தொங்கியபோது தராசு காட்டியது 3.22. விடை 2.62. அதே எடைக் குருந்தமாக இருந்தால் தராசு 2.11 அளவில் நின்றிருக்கும், ஏனெனில் குருந்தத்தின் ஒப்படர்த்தி 4.00. இவ்வளவு பெரிய இடைவெளியைக் கைத்தவறு எதுவும் நிரப்ப முடியாது.

ஆனாலும் முதல் மூன்று அளவுகள் தப்பாக வந்தன. ஒன்றில் கல் குவளையின் அடியைத் தொட்டது, அப்போது கல்லின் சொந்த எடையும் சேர்ந்து தராசு கூடக் காட்டும். இரண்டில் விரிசலுக்குள் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தது. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் விட்டு, கல்லை முன்கூட்டியே நனைத்து எடுத்தபின் சரியானது. கல் சிறியதானால் பிழை பெருகும். அரை கிராம் கல்லில் 0.01 வித்தியாசம் விடையை 2.50-க்கும் 2.78-க்கும் இடையே ஆட்டிவிடும். குருந்தத்தை விலக்க அது போதும், பெரிலையும் கார்டியரைட்டையும் பிரிக்கப் போதாது.

10 கற்கள் 2.58 முதல் 2.64-க்குள் வந்தன. மீதி இரண்டில் பச்சை சாய்ந்த ஒன்று 2.71. அது பெரில், அதாவது அக்வாமரின் துண்டு. நிறமாற்றமே இல்லாத மற்றொன்று 2.65, இரும்புக்கறை படிந்த வெங்கச்சாங்கல். இதையும் கவனிக்க வேண்டும்: வெங்கச்சாங்கல்லும் கார்டியரைட்டும் ஒப்படர்த்தியில் ஏறக்குறைய ஒன்றுதான். தராசு மட்டும் இருந்திருந்தால் ‘இது நீலக்கல் அல்ல’ என்பதோடு நின்றிருக்கும். எது என்று சொன்னது நிறமாற்றம்.

கீறல் சோதனை உடைந்த ஓரங்களில் மட்டும் செய்யப்பட்டது. தெரியாத கல்லின் கூர்முனை வெங்கச்சாங்கல் படிகத்தில் அரைகுறையாகப் பதிந்தது, புட்பராகத்தின் (டோபாஸ், கடினம் 8) மேல் வழுக்கியது. குருந்தமாக இருந்திருந்தால் புட்பராகத்தைக் கடித்திருக்கும். கீறிய தடம் என்று தெரிவது பல சமயம் மென்மையான கல்லின் பொடிதான். ஈர விரலால் துடைத்த பிறகும் இருந்தால்தான் அது கீறல்.

குவியலுக்குத் திரும்பியது

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் ஆசிரியர் கிணற்று மேட்டுக்குப் போக வேண்டும் என்றார். அடுத்த நாள் காலை, சுத்தியல் படாத கட்டிகளைத் தேடினார்கள். நீலம் ஒட்டியிருந்த 14 கட்டிகள் கிடைத்தன. இந்த ஆய்வில் மிக உறுதியான விடை அங்கேதான் இருந்தது.

நீலத்தைச் சுற்றியிருந்தது வெள்ளை. ஊரில் வெள்ளை எல்லாமே வெங்கச்சாங்கல்தான். உண்மையில் அதில் இரண்டு கனிமங்கள். ஒன்றை வெயிலில் திருப்பினால் கண்ணாடித் துண்டுபோலத் தட்டையான முகங்கள் பளிச்சிட்டன. இரும்பு அரம் அதில் லேசாகப் பிடித்தது. அது ஃபெல்ட்ஸ்பார். மற்றொன்றுக்குத் தட்டை முகமே இல்லை, உடைந்த இடம் சிப்பியின் உட்புறம்போல வளைந்திருந்தது. அரம் அதில் வழுக்கியது. அதுதான் அசல் வெங்கச்சாங்கல், குவார்ட்ஸ். 14-இல் 9 கட்டிகளில் நீலக்கல் இந்தக் குவார்ட்ஸை நேரடியாகத் தொட்டுக்கொண்டு, நடுவில் எந்தப் படலமும் இல்லாமல் இருந்தது.

இது ஏன் தீர்ப்பாகிறது என்றால், குருந்தம் அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்தது. சிலிக்கா (குவார்ட்ஸ் ஆன பொருள்) போதாத பாறையில்தான் அலுமினியம் இப்படித் தனித்து மிஞ்சும். சிவன்மலையின் சயனைட் அத்தகைய பாறை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்தோசைட் இன்னொன்று. பாறையில் மிச்சச் சிலிக்கா குவார்ட்ஸாக இருந்தால், அந்தச் சூட்டில் குருந்தம் அதனோடு வினைபுரிந்து சிலிமனைட், கயனைட் போன்ற, அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமமாக மாறிவிடும். இரண்டும் சமாதானமாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கும் கல்லில் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே நீலக்கல் எது என்ற கேள்விக்கு முதலில் அதன் பக்கத்திலுள்ள வெள்ளைக்கல் எது என்று பார்ப்பது நல்லது. அதற்கு ஒரு அரமும் வெயிலும் போதும்.

வெள்ளைப் பட்டைக்கு வெளியே இருந்த கரும்பாறையும் அதையே சொன்னது. அதில் காக்காப்பொன், சிவப்புக் கார்னெட், வெண் ஊசிகளாகச் சிலிமனைட். இது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. தென்னகத்தின் இந்தப் பகுதி சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் புதைந்து, 700 டிகிரிக்கும் மேல் வெந்தது. அந்தச் சூட்டில் காக்காப்பொன்னும் சிலிமனைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து கார்டியரைட்டையும் ஃபெல்ட்ஸ்பாரையும் கொஞ்சம் உருகிய குழம்பையும் தந்தன. அந்தக் குழம்பு ஒதுங்கி, மெதுவாக ஆறியதுதான் வெள்ளைப் பட்டை. மெதுவாக ஆறியதால் பருமனான, தெளிந்த படிகங்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஆழத்தின் அழுத்தத்தில் நிலைப்பது அடர்த்தியான கார்னெட். பாறை மேலே எழும்பி அழுத்தம் குறையும்போது கார்னெட் சிதைந்து, இடம் அதிகம் பிடிக்கும் கார்டியரைட் உருவாகிறது. சில கட்டிகளில் அரித்துப்போன கார்னெட்டைச் சுற்றி நீல வளையம் இருந்தது. நகைத் தராசு 2.62 என்று காட்டியதற்கும் பாறை மேலே எழுந்த வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அழுத்தம் தளர்ந்தபோது பிறந்த கல், அதனால் அணுக்கள் நெருக்கமில்லாத இலேசான கல்.

மேலும் ஒரு சிறு அடையாளம்: பல துண்டுகளின் விளிம்பில் சாம்பல் பச்சைப் பொருக்கு இருந்தது, கத்தியால் சுரண்டினால் வந்தது. கார்டியரைட் பின்னால் நீர் பட்டுச் சிதைந்து உருவாகும் பினைட் இது. குடும்பத்தார் ‘அழுக்கு’ என்று சுத்தியலால் நீக்கியது பெரும்பாலும் இதைத்தான்.

விளைவு

இரண்டு கற்கள் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குப் போயின. ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் புகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) 1.542 முதல் 1.551, ஒளி அச்சு இரண்டு. ஐயோலைட், அதாவது நகைத்தரமுள்ள கார்டியரைட் என்று சான்று வந்தது. குருந்தத்துக்கு இந்த எண் 1.762 முதல் 1.770 வரை. ஜெய்ப்பூர்ச் சந்தையில் ஐயோலைட்டை ‘நீலி’ என்பார்கள். நீலக்கல்லின் விலையில் மிகச் சிறு பங்குதான் அதற்கு.

முன்பணம்தான் சிக்கலாயிற்று. குடும்பம் அதைக் கிரேன் வாடகைக்குக் கொடுத்து முடித்திருந்தது. பேச்சுவார்த்தையில் 240 கிராமுக்கு 12,000 ரூபாய் என்று புது விலை வைத்து, மீதி 18,000-ஐ இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தார்கள். எழுதி வாங்காத வியாபாரம் இவ்வளவு சுமுகமாக முடிந்தது இரு தரப்பின் நேர்மையால்தான். எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை.

நிறம் தப்பிய 6 கற்களில் 4 திசை மாற்றி மறுபடி தீட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு எடை இழந்தது. மற்ற இரண்டில் திருப்ப உடம்பு இல்லை. பிறகு எடுத்த கற்களில் பட்டை தீட்டுபவர் தட்டில் வைப்பதற்கு முன்பே சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஆழ்ந்த ஊதா நீலம் தெரியும் திசையில் மையால் புள்ளி வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம்தான் முகப்பு. பெரிய கல் அந்தத் திசையில் மிகக் கருத்துவிடும், ஆகவே அடியை ஆழமாக்காமல் தட்டையாக எடுத்தார். கல்லுக்குப் பிளவுத்தளம் உண்டு என்பதால் அரக்கில் ஒட்டும்போது விளக்குச் சூட்டை மெதுவாகவே ஏற்றினார். 1.8 கிலோவில் நகைக்குத் தேறியது சுமார் 130 கிராம். விரிசல் விட்டதும், உள்ளே சிவந்த ஹெமடைட் செதில் மின்னியதும் மணிக்கு ஒதுக்கப்பட்டன.

கிணற்றில் 66 அடியில் தண்ணீர் வந்தது. பட்டையைத் தொடர்ந்து பக்கவாட்டில் தோண்டலாமா என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தது. வியாபாரத்துக்காகத் தோண்டிக் கனிமம் எடுக்க அரசு அனுமதி வேண்டும், கிணற்றுச் சுவரைக் குடைந்தால் சரியும் என்ற இரண்டையும் ஆசிரியர் எடுத்துச் சொன்னதும் அதைக் கைவிட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

நிறமுள்ள கல் தெரிந்ததும் முதல் பத்துக் கட்டிகளைச் சுத்தியலும் ஆசிடும் படாமல், கிடைத்த ஆழத்தை எழுதிய சீட்டோடு தனிப் பையில் வைக்க வேண்டும். ஓடையிலோ மண்ணிலோ பொறுக்கிய கல்லுக்கு இது பொருந்தாது. அங்கே பல பாறைகளின் கற்கள் கலந்து கிடக்கும், பக்கத்தில் கிடந்தது என்பதற்கு அர்த்தமில்லை. ஒட்டியிருந்தால் மட்டுமே சாட்சி.

விலை பேசுவதற்கு முன் தராசுச் சோதனை நடந்திருக்க வேண்டும். காங்கேயத்தில் எந்த நகைக்கடையிலும் உள்ள தராசு, பத்து நிமிடம், ஒரு குவளைத் தண்ணீர். 4.00-க்கு அருகில் வராத கல்லுக்கு நீலக்கல் விலை பேசவே தேவை இருந்திருக்காது.

பட்டறை, 9 கற்களுக்குப் பதில் ஒரே ஒரு கல்லைத் தீட்டிப் பார்த்து நிறுத்தியிருக்கலாம். தட்டில் கல் வேகமாகக் கரைந்தது முதல் கல்லிலேயே தெரிந்தது. இரண்டாவதை எடுக்கும் முன் அதைச் சொல்லியிருந்தால், நிறம் தப்பிய 6-இல் குறைந்தது 5 கற்கள் தப்பியிருக்கும்.

தொடப்படாத அந்த 14 கட்டிகளில் 3 இப்போது ஆசிரியர் முன்பு வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்தில் இருக்கின்றன. குவார்ட்ஸ் ஒட்டிய பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, பக்கத்தில் ஒரு அரமும் வைக்கப்பட்டிருக்கிறது.